விறகுப் புகையில் ஓடும் எஞ்சின்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்குச் செல்லும் மாணவர்கள் உயிரியல் பூங்காவையும் அருவியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை மலையடிவாரத்து வீடு ஒன்றின் விறகடுப்பையும் சற்று நின்று கவனியுங்கள். ஈர விறகு புகைந்துகொண்டிருக்கும். ஊதாங்குழலால் ஊதியதும், விறகுக்குச் சற்று மேலே, புகையே 'குப்'பென்று பற்றிக்கொள்ளும். அங்கே எரிந்தது விறகா, புகையா?

புகைதான். விறகு சூடேறும்போது அதன் பெரும்பகுதி வாயுக்களாகவும் ஆவிகளாகவும் பிரிந்து வெளியேறுகிறது. உலர்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இவ்வாறு வெளியேறக்கூடியதே. நாம் காணும் சுவாலை அந்த வாயுக்கள் எரிவதால் உண்டாவது. எஞ்சிய கரி தணலாகக் கனல்கிறது. அடுப்பில் இவை அனைத்தும் ஒரே இடத்தில் நடந்துவிடுகின்றன. விறகை ஓரிடத்தில் வாயுவாக்கி, அதைக் குழாய் வழியே கொண்டுபோய் வேறோர் இடத்தில் எரித்தால் என்ன? இதைச் செய்யும் கருவியே வாயுவாக்கி.

இது உயரமான உருளை வடிவக் கலம். மேலே விறகுத் துண்டுகளைப் போடுகிறோம். ஒரு கிலோ விறகு முழுமையாக எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று வேண்டும். இங்கே அதில் கால் பங்கைவிடச் சற்றுக் கூடுதலாக மட்டுமே கொடுக்கிறோம். நெருப்பை அரைப்பட்டினி போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலடுக்கில் ஈரம் காய்கிறது. அதற்குக் கீழே 200 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் விறகு சிதைந்து, கரியும் ஆவிகளும் பிரிகின்றன. காற்று நுழையும் இடத்தில் அவற்றில் ஒரு பகுதி எரிந்து வெப்பநிலை 1000 டிகிரியைத் தாண்டுகிறது.

இதுவரை அடுப்பில் நடப்பதுதான். புதுமை அடியில் இருக்கிறது. எரிந்ததால் உண்டான கார்பன்-டை-ஆக்சைடும் நீராவியும் இனி எரிய இயலாத பொருள்கள். அவற்றைத் தணலாகக் கனலும் கரிப்படுகையின் ஊடே இழுக்கும்போது, கரி அவற்றிடமிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. முன்னது கார்பன் மோனாக்சைடாகிறது. பின்னதிலிருந்து ஹைட்ரஜன் பிரிகிறது. இரண்டும் எரியும் வாயுக்கள்! இவ்வினைகள் வெப்பத்தை உட்கொள்பவை. அதாவது மேலே எரிந்து வெளிப்பட்ட வெப்பத்தின் ஒரு பகுதி, வாயுவினுள் மீண்டும் வேதியாற்றலாகப் புகுந்துவிடுகிறது. பள்ளிப் பாடத்தில் 'உற்பத்தி வாயு' என்று படித்தோமே, அதுதான் இது.

இதில் கார்பன் மோனாக்சைடு சுமார் 20 விழுக்காடு, ஹைட்ரஜனும் ஏறக்குறைய அவ்வளவே. பாதியளவு காற்றிலிருந்து வந்த நைட்ரஜன். ஆகவே இயற்கை எரிவாயுவோடு ஒப்பிட்டால் இதன் வெப்பத்திறன் ஏழில் ஒரு பங்குதான். ஆனாலும் எஞ்சின் ஓட இது போதும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 1.2 கிலோ விறகு செலவாகும். 60 மீட்டர் ஆழத்திலிருந்து, பாதித் திறனுள்ள மோட்டாரைக் கொண்டு, அந்த ஒரு யூனிட்டில் சுமார் 3,000 லிட்டர் நீரை ஏற்றலாம். 15 லிட்டர்க் குடமானால் 200 குடம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முயற்சியால், கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்து ஹோசஹள்ளி என்னும் சிற்றூரில் 1988இல் இத்தகைய கருவியால் விளக்குகள் எரிந்தன. நம் மாநிலத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2003இல் 9 கிலோவாட் வாயுவாக்கியை நிறுவிக் குடிநீர் இறைத்தது.

அப்படியானால் ஊருக்கு ஒன்று ஏன் இல்லை? தார் என்ற ஒட்டும் பொருள்தான் முதல் தடை. சிதையும் விறகிலிருந்து வரும் கனமான ஆவிகள் குளிர்ந்தால் தாராகிவிடும். வாயுவை மிகச் சூடான பகுதியின் வழியே கீழ்நோக்கி இழுத்தால் அவை பெரும்பாலும் உடைந்துபோகும். ஆனால் விறகு ஈரமாகவோ பெருங்கட்டைகளாகவோ இருந்தால் அந்தச் சூடு குறையும். தார் தப்பி எஞ்சினின் வால்வுகளில் படியும். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் ஓடிய 'கரி பஸ்'ஸைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு விறகைவிட்டுக் கரியைப் போட்டதற்குக் காரணம், தார் கரிமூட்டத்திலேயே வெளியேறிவிட்டதுதான். விறகின் ஆற்றலில் பாதிக்கு மேல் அந்த மூட்டத்திலேயே வீணானது என்பது வேறு கதை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு கிலோ உலர்ந்த விறகில் 4 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆற்றல் உண்டு. மின்சாரமாகக் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி எஞ்சினின் புகைபோக்கியிலும், குளிர்விக்கும் நீரிலும், வாயுவைத் தூய்மைப்படுத்தும் தொட்டியிலும் வெப்பமாகப் போய்விடுகிறது. சூரியப் பலகைகள் மலிந்துவிட்ட இக்காலத்தில், மின்சாரத்துக்காக மட்டும் வாயுவாக்கியை நிறுவுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வெப்பம் வேண்டுமென்றால் நிலைமை மாறுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்குச் சுடுநீரும் உலர்த்தும் அனற்காற்றும் தேவை. வாயுவைக் குளிரவிடாமல் நேரே கொதிகலனின் அடியில் எரித்தால், தாரும் சேர்ந்து எரிந்து வெப்பம் தரும். வேலிகாத்தான் விறகு, தேங்காய் ஓடு, சாறு இறக்கிய பின் உலர்த்திய பட்டை எல்லாம் எரிபொருளாகலாம். குரோமியம் ஏறிய தோல் சீவலை மட்டும் இவற்றோடு கலக்கக்கூடாது; காற்று மிகுந்த நெருப்பில் அந்தக் குரோமியம் ஆறு இணைதிறன் கொண்ட கொடிய வடிவுக்கு மாறக்கூடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது. ஆகவே எந்த வாயுவாக்கியையும் மூடிய அறைக்குள் வைக்கலாகாது.

எஞ்சினுக்கு அனுப்பும் வாயுவைப் பெரும்பாலும் நீர் தெளித்துக் கழுவுகிறார்கள். அந்த நீரில் தாரும் ஃபீனால்களும் தங்கிவிடும். தோல் கழிவுநீரால் பாலாறு பட்ட பாடு, 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் அளவுக்குப் போனதை இப்பகுதியினர் அறிவார்கள். இங்கே எஞ்சினை நிறுவுவோர், கழுவிய நீரைத் தூய்மைசெய்யும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கொதிகலனுக்குச் சூடாகவே போகும் வாயுவைக் கழுவ வேண்டியதில்லை.