நீ ஒரு பங்கு, நான் ரெண்டு பங்கு!



சாயங்காலம் ஆனா போதும், நாம பந்தைத் தூக்கிக்கிட்டு திடலுக்கு ஓடிடுறோம். நம்ம அணுபுரம் அணுசக்தித் துறை தன் ஊழியர் குடும்பங்களுக்காகக் கட்டிய ஊர். அதனால் நமக்கு விளையாட இடம் இருக்கு. ஆனா ஊரைத் தாண்டி பஸ்ஸில் போகும்போது பாருங்க. ரோட்டோரத்தில் கிரிக்கெட் நடக்கும். லாரி வந்தா ஸ்டம்பைப் பிடுங்கிக்கிட்டு ஓரமா நிக்கணும். அந்தப் பசங்களுக்கு ஒரு திடல் வேணும்னா யார் பணம் தருவாங்க?

இதுக்கு அரசாங்கத்தில் ஒரு வழி இருக்கு. "நீ கொஞ்சம் போடு, மீதியை நான் போடுறேன்" என்பதுதான் அது. இதைப் பங்களிப்பு மானியம் என்று சொல்லலாம்.

தமிழ்நாட்டில் இதன் பெயர் 'நமக்கு நாமே திட்டம்'. 1997-98இல் தொடங்கியது. 2011இல் 'தன்னிறைவுத் திட்டம்' என்ற பெயரில் நடந்தது. 2021இல் மறுபடியும் 'நமக்கு நாமே' ஆனது. ஒரு வேலைக்கு ஆகும் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரணும். மீதியை அரசு தரும். பூங்கா, விளையாட்டுத் திடல், பள்ளிக் கட்டிடம் என்று பல வேலைகளை இதில் செய்யலாம். ஆனால் இடம் பொது இடமாக இருக்க வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா? ஒரு திடலுக்கு 9 லட்சம் ரூபாய் ஆகும்னு வச்சுக்குவோம். மக்கள் பங்கு 3 லட்சம். 300 வீடு உள்ள ஊரில் வீட்டுக்கு 1,000 ரூபாய். ஆனா 60 வீடு மட்டும் உள்ள ஒரு மீனவர் குப்பத்தில் வீட்டுக்கு 5,000 ரூபாய்! கடலுக்குப் போகாத நாளில் அடுப்பு எரிவதே கஷ்டம், இதில் 5,000க்கு எங்கே போவாங்க? வசதியான ஊருக்குப் பூங்கா சீக்கிரம் வரும், ஏழை ஊர் காத்துக்கிட்டே இருக்கும். இதுதான் இந்த முறையில் உள்ள குறை.

மத்திய அரசும் 2015இல் தொடங்கிய 'அம்ருத்' திட்டத்தில் 500 நகரங்களில் பூங்கா அமைக்கப் பணம் ஒதுக்கியது. 10 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரத்துக்குப் பாதிச் செலவு, அதுக்கு மேல் உள்ள நகரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியை மாநிலமும் நகராட்சியும் போட வேண்டியிருந்தது. ஆனா அது பெரிய நகரங்களுக்கான திட்டமாக இருந்தது.

அமெரிக்காவில் இதுக்காகவே 1964இல் ஒரு சட்டம் போட்டாங்க. பூங்காச் செலவில் பாதி வரை மத்திய அரசு தரும். கடலில் எண்ணெய் எடுக்கும் கம்பெனிகள் கட்டும் பணம்தான் அதுக்கு முக்கிய வருமானம். இந்தப் பணத்தில் அமைத்த பூங்காவை வேறு எதுக்காவது எடுத்தால், அதே மதிப்புள்ள வேறு இடத்தைப் பூங்காவுக்குத் தந்தாகணும். நல்ல விதி இல்லையா?

ஒன்று மறக்கக் கூடாது. மானியம் பூங்காவைக் கட்டித் தரும். அறுந்த ஊஞ்சல் சங்கிலியை மாத்துவது, செடிக்குத் தண்ணீர் ஊத்துவது எல்லாம் அதுக்கப்புறம் வருஷா வருஷம் வரும் செலவு. அதை யார் பார்ப்பாங்க என்று முதலிலேயே பேசி முடிக்கணும்.

சரி, அந்தக் குப்பத்துக்கு வழியே இல்லையா? இருக்கு! மக்கள் பங்கை அந்த ஊர்க்காரங்களேதான் தரணும்னு கட்டாயம் இல்லை. தனி நபர், குழு, நிறுவனம் யார் வேணும்னாலும் தரலாம். அதாவது, திடல் உள்ள நாம, திடல் இல்லாதவங்களுக்காக ஒரு பங்கு போடலாம். நாம போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அரசு ரெண்டு ரூபாய் போட வழி இருக்கு. பழைய பேப்பர் வித்த காசுகூட மூணு மடங்காகும்!

அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது, ஸ்டம்பைப் பிடுங்கிக்கிட்டு ஓரமா நிற்கும் அந்தப் பசங்களைப் பாருங்க. சிந்திப்போம்!

— 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு