சி நூலகத்தில் வெளியீட்டைத் திசைதிருப்பல்

கணனிச் செய்நிரலொன்று தன் செய்திகளைத் திரையில் எழுதுகின்றது. அவற்றையே ஒரு சாளரத்திலோ, வலையமைப்பின் மறுமுனையிலோ பெறவேண்டுமாயின், அதிலுள்ள நூற்றுக்கணக்கான ‘பிரின்ட்எஃப்’ கூற்றுக்களையும் திருத்துதல் வேண்டுமா?

சி மொழியின் நியம நூலகம் இவ்வினாவிற்கு அரைவாசி விடையே தருகின்றது. யுனிக்ஸ் மரபிற் பிறந்து, 1989 இல் அமெரிக்க நியமத்தில் இடம்பெற்ற ‘ஓடை’ என்னும் கருத்து, கோப்புக்கும் திரைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுவோனுக்கு மறைத்தது. ஆயினும் ஓடையின் மறுமுனை எதுவென்பதை இயங்குதளமே தீர்மானித்தது. அவ்வுரிமையைச் செய்நிரலுக்கு வழங்கியவை 1993 இல் வெளிவந்த 4.4 பி.எஸ்.டி. இன் ‘ஃபன்ஓப்பன்’ சார்பும், குனூ நூலகத்தின் ‘எஃப்ஓப்பன்குக்கி’ சார்பும் ஆகும்.

இவற்றின் அமைப்பு எளிது. வாசித்தல், எழுதுதல், இடம்பெயர்தல், மூடுதல் ஆகியவற்றுக்கான நான்கு சார்புகளையும் ஒரு சுட்டியையும் நிரலாளர் ஒப்படைக்கிறார். நூலகம் அச்சுட்டியின் உள்ளடக்கத்தை ஆராயாது, ஒவ்வோர் அழைப்பிலும் திருப்பிக் கொடுக்கும். அதற்குக் ‘குக்கி’ எனத் தின்பண்டத்தின் பெயரிட்டமை நிரலாளரின் நகைச்சுவை போலும்! குனூ நூலகத்தில் நியம வெளியீட்டு ஓடை ஒரு சாதாரண மாறியே. புதிய ஓடையை அதற்கு ஒப்படைத்தால், பிரின்ட்எஃப் அனைத்தும் அவ்வழியே செல்லும். சி நியமம் இதற்கு உறுதி தருவதில்லை. எனவே வேறு தளங்களில் இதனை நம்பலாகாது. வழுவை அறிவிக்கும் முறையிலும் வேற்றுமையுண்டு: எழுதுஞ் சார்பு பி.எஸ்.டி. இல் -1 ஐயும், குனூவில் 0 ஐயும் திருப்பவேண்டும்.

தமிழுக்கு முக்கியமான சிக்கல் வேறு. நூலகம் எழுத்துக்களை உடனுக்குடன் அனுப்பாது, இடையகத்திற் சேர்த்துத் துண்டுகளாகவே தருகின்றது. ஆங்கில எழுத்தொன்று ஒரு பைட்டு, யு.டி.எஃப்-8 முறையில் ‘கொ’ என்பதோ 6 பைட்டுக்கள். துண்டின் எல்லை அதன் நடுவே விழலாம். ஒவ்வொரு துண்டையும் முழுமையான வாசகமெனக் கருதிச் சாளரத்திற் காட்டும் சார்பு, ஆங்கிலத்தைக்கொண்டு மட்டும் பரீட்சிக்கையில் குறையின்றி இயங்கும். தமிழிலோ இடையிடையே சிதைந்த குறிகளைக் காட்டும். இக்குறை நூலகத்தினதன்று, துண்டை வாசகமெனக் கொண்டவரதே.

ஆதலின், முற்றுப்பெறாத பைட்டுக்களைக் குக்கி சுட்டும் நினைவகப் பகுதியிற் காத்துவைத்து, அடுத்த துண்டின் தலைப்பிற் சேர்த்தல் வேண்டும். காத்துவைத்தவற்றையும் ஏற்றுக்கொண்டதாகவே நூலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். தவறின், எழுதுதல் குறைவுற்றதென அது கருதிவிடும்.