புகைபோக்கி அடுப்பு

விறகடுப்பின் புகையை அதிகமாகச் சுவாசிப்பவர்கள் வீட்டு ஸ்திரீகளும், அவர்கள் அருகிலேயே இருக்கும் குழந்தைகளுமே யாவர். கண்ணெரிச்சலும் இருமலும் அடுப்பங்கரைக்கு இயல்பென்று பலர் பொறுத்துக்கொள்கின்றனர். ஆனால் அப்புகையே குழந்தைகளுக்கு நிமோனியா ஜுரமும், பெரியோருக்கு நாட்பட்ட இருமலும் மூச்சுத் திணறலும் உண்டாக ஏதுவாகிறதென்பது நன்கு நிரூபிக்கப்பட்ட விஷயம்.

இதற்குப் பரிகாரமான புகைபோக்கி அடுப்பு நம் தேசத்துக்குப் புதிதன்று. ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்பார் அமைத்த புகையில்லா அடுப்பைப்பற்றிய நூல் 1953இல் சென்னையில் வெளியாயிற்று. 1983இல் இந்திய சர்க்கார் சீர்திருத்த அடுப்புத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. எனினும் அவ்வடுப்புகளிற் பல சில வருஷங்களிலேயே கைவிடப்பட்டன. குழாயை வைத்ததோடு வேலை முடிந்ததென்று எண்ணியது அதற்கு ஒரு முக்கிய காரணம். கேஸ் அடுப்பு வந்த வீடுகளிலும் வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் விறகு எரிகிறபடியால், இவ்விஷயம் இன்றும் கவனிக்கத்தக்கதே.

சூடான காற்று இலேசானது, ஆகையால் மேலெழும்பும். அது குழாய் வழியே ஏறும்போது, அடுப்பின் வாய் வழியே புதுக் காற்று உள்ளே இழுக்கப்படும். இவ்விழுப்பு இருக்கும்வரை புகை அறைக்குள் திரும்பாது. குழாய் உயரமாயும், நேராயும், அடைப்பின்றியும் இருந்தால் இழுப்பு பலமாகும். குழாயின் உள்விட்டம் 4 அங்குலமிருத்தல் நன்று. அது கூரையைவிட்டு வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியேனும் உயர்ந்து, 10 அடிக்குள் உள்ள கூரைப் பாகம் எதனினும் 2 அடி மேலே நிற்கவேண்டும். இன்றேல் எதிர்க்காற்று புகையைத் திருப்பி அடிக்கும்.

பாத்திரம் அடுப்பின் வாயில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். ஆகவே இவ்வடுப்புக்குக் குமிழ்கள் கூடா. கொடியடுப்பில் பாத்திரம் இல்லாதபோது அதை மூடிவைக்க வேண்டும். அறையில் ஒரு ஜன்னலாவது திறந்திருத்தல் அவசியம்; உள்ளே வரக் காற்றில்லையேல் வெளியே செல்லப் புகைக்கும் வழியில்லை. அடுப்பு எரியும்போது அதன் வாயருகே ஊதுவத்தியைப் பிடித்தால் இழுப்பு விளங்கும்: அதன் புகை உள்ளே சென்றால் நலம், அறைப்பக்கம் வந்தால் குழாயில் குறையுண்டு.

ஓலைக் கூரையைத் துளைத்துக் குழாயை விடுதல் பேராபத்து. பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி நீராதலால், அதன் புகை குழாயினுள் தாரைப்போல் படியும். அப்படிவு ஒருநாள் தீப்பற்றினால் குழாய் பழுக்கக் காய்ந்து கூரையைக் கொளுத்திவிடும். அடுக்களைக்கு மட்டுமேனும் ஓடு வேய்தல் உத்தமம். ஓடு வேய்ந்த வீட்டிலும் தகரக் குழாய்க்கும் மரச் சட்டங்களுக்கும் இடையே ஒன்றரை அடி விடவேண்டும். நன்கு உலர்ந்த விறகையே எரித்து, மாதம் ஒருமுறையேனும், அடுப்பு ஆறியபின், மூங்கிற் கழியின் நுனியில் துடைப்பத்தைக் கட்டிக் கரியைத் தள்ளுதல் வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாயை அறுப்பதும் உடைப்பதும் ஆகாது. அதன் தூசு புற்றுநோய்க்குக் காரணமாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. புகை தெரியாததனாலேயே அபாயமில்லையென்று எண்ணலாகாது. கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மானாக்ஸைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. மழைக்காலத்தில் பிரசவ அறையைத் தாழிட்டுக் கனல் சட்டி வைப்பது தாய்க்கும் சிசுவுக்கும் உயிராபத்தாக முடியக்கூடும். தலைவலி, மயக்கம், வாந்தி தோன்றினால் உடனே அவர்களை வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, தாமதமின்றி வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லவேண்டும். குழாயில்லாத நெருப்பை அடைத்த அறையில் ஒரு பொழுதும் வைத்தலாகாதென்பதை வீட்டிலுள்ளோர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.