ஆசியானின் செலவுக்குப் பணம் கட்டுவது யார்?

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பணம் திரட்ட இரண்டு வழிகள் உண்டு. வீட்டுக்கு இவ்வளவு என்று எல்லாரிடமும் ஒரே தொகையை வாங்கலாம். அல்லது வசதி உள்ளவரிடம் கூடுதலாகவும் இல்லாதவரிடம் குறைவாகவும் வாங்கலாம். நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்புகளிலும் இதே கேள்விதான் எழுகிறது.

ஐக்கிய நாட்டு நிறுவனம் இரண்டாவது வழியில் செல்கிறது. ஒவ்வொரு நாட்டின் தேசிய வருமானம், கடன் சுமை, தனிநபர் வருமானம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை அதன் பங்கை நிர்ணயிக்கிறார்கள். எவ்வளவு பணக்கார நாடாக இருந்தாலும் வழக்கமான வரவு செலவில் 22 விழுக்காட்டுக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. எவ்வளவு ஏழை நாடாக இருந்தாலும் 0.001 விழுக்காடாவது கட்டியாக வேண்டும். 2022 முதல் 2024 வரைக்கான பட்டியலில் சிங்கப்பூரின் பங்கு 0.504 விழுக்காடு, மலேசியாவின் பங்கு 0.348 விழுக்காடு. லாவோசுக்கு 0.007 விழுக்காடுதான். அதாவது அந்தப் பட்டியலின்படி லாவோசைப்போல் 72 மடங்கு கட்டியது சிங்கப்பூர்.

ஆசியானில் கதையே வேறு. ஜகார்த்தாவில் உள்ள தலைமைச் செயலகத்தின் நடைமுறைச் செலவை, உறுப்பு நாடுகள் சமமான ஆண்டுச் சந்தா கட்டி ஏற்க வேண்டும் என்கிறது, 2008 டிசம்பரில் நடப்புக்கு வந்த ஆசியான் சாசனத்தின் 30ஆம் விதி. சிங்கப்பூர் கட்டுவதும் லாவோஸ் கட்டுவதும் ஒரே தொகை!

இது நியாயமா என்று கேட்கலாம். காரணம் இல்லாமல் இல்லை. ஆசியானில் பேசி, கருத்திணக்கம் கண்டுதான் முடிவெடுக்கிறார்கள். கூடுதலாகக் கட்டும் நாடு நாளை கூடுதல் உரிமை கேட்டால் என்ன செய்வது? ஐநாவில் மிகப் பெரிய பங்குக்குரிய அமெரிக்கா பாக்கி வைத்தபோது, அந்நிறுவனம் செலவைச் சுருக்க நேர்ந்ததையும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் சமப் பங்கில் சிக்கலும் உண்டு. வசதி குறைந்த உறுப்பினரால் தாங்கக்கூடிய அளவுக்குத்தான் சந்தாவை உயர்த்த முடியும். அதனால் செயலகத்தின் வரவு செலவு சிறியதாகவே இருந்து வருகிறது. கூட்டுத் திட்டங்கள் பலவற்றுக்கு ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம், ஆஸ்திரேலியா போன்ற பங்காளிகளின் நிதியை நாட வேண்டியுள்ளது. பணம் கொடுப்பவருக்குப் பிடித்த திட்டம் முந்திக்கொள்ளும் என்பது என் கருத்து. நமக்குள் சமத்துவம் கெடக்கூடாது என்பதற்காக வெளியாரிடம் கை நீட்டுகிறோம்.

2025 அக்டோபரில், கோலாலம்பூர் உச்சநிலை மாநாட்டில், திமோர் லெஸ்தே 11ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது. ஏறக்குறைய 1.4 மில்லியன் மக்களைக் கொண்ட நாடு அது. சாசனத்தின்படி, 270 மில்லியனுக்கும் அதிகமான மக்கள் வாழும் இந்தோனேசியாவுக்கு உள்ள அதே சந்தா விதிதான் அதற்கும்.