வீட்டு ஒலியமைப்பு

வீட்டு ஒலியமைப்பு என்பது இசையையும் திரைப்படங்களின் ஒலியையும் வீட்டில் கேட்பதற்கென ஒன்றிணைக்கப்பட்ட கருவிகளின் தொகுதி ஆகும். ஒலி மூலம், மிகைப்பி, ஒலிபெருக்கி ஆகிய மூன்றும் இதன் அடிப்படை உறுப்புகள். குறுந்தகடு இயக்கி, தொலைக்காட்சி, வானொலி, நகர்பேசி முதலியன ஒலி மூலங்களாக அமையலாம். குறைந்த செலவில் இத்தொகுதியைத் தேர்ந்தெடுக்கையில் அறையின் அளவு, பயன்பாடு, கருவியின் உண்மையான திறன், ஊரின் தட்பவெப்பம் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். இக்கட்டுரை புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில், வங்கக் கடலோரம் அமைந்துள்ள திருவேட்டக்குடியின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பின்னணி

காரைக்கால் வட்டாரத்தில் சிங்கப்பூர், வளைகுடா நாடுகள், பிரான்சு ஆகியவற்றிலிருந்து ஊர் திரும்பியோர் கொண்டுவந்த வானொலிப் பெட்டிகளும், 'டூ-இன்-ஒன்' எனப்பட்ட ஒலிநாடாக் கருவிகளும் பல வீடுகளில் முதல் ஒலியமைப்பாக இருந்தன. தமிழ்த் திரையிசையில் இரட்டைத்தட ஒலிப்பதிவின் தொடக்க காலப் படங்களுள் ஒன்று பிரியா (1978) ஆகும். குருதிப்புனல் (1995) டால்பி பல்தட ஒலியுடன் வெளிவந்தது. இதனால் திரையரங்கில் கேட்ட ஒலியை வீட்டிலும் கேட்கும் விருப்பம் பெருகி, 'ஹோம் தியேட்டர்' என்னும் பெயரில் பல்தடத் தொகுதிகள் பரவின.

ஒலித்தடங்களின் எண்ணிக்கை

இரண்டு ஒலிபெருக்கிகளைக் கொண்டது இரட்டைத்தட அமைப்பு. முன்புறம் இடம், நடு, வலம் என மூன்றும், பக்கவாட்டில் இரண்டும், தாழ்வொலிக்கென ஒன்றும் கொண்டது 5.1 அமைப்பு. இதில் நடு ஒலிபெருக்கி பெரும்பாலும் உரையாடலைத் தருகிறது.

கருநாடக இசை, திரைப்பாடல் ஆகியவற்றின் பெரும்பாலான பதிவுகள் இரண்டு தடங்களிலேயே கிடைக்கின்றன. எனவே இசையை முதன்மையாகக் கேட்போருக்கு இரட்டைத்தட அமைப்பே போதுமானது. திரைப்படத்தையும் அதன்வழி நிறைவாகக் கேட்க இயலும்.

செலவைப் பகிர்தல்

ஒலியின் தன்மையைப் பெரிதும் தீர்மானிப்பது ஒலிபெருக்கியே. ஆதலால் மொத்தத் தொகையில் பாதியையேனும் அதற்கு ஒதுக்குவது நன்று. எடுத்துக்காட்டாக, 20,000 ரூபாயில் 10,000 ரூபாய் ஒலிபெருக்கிக்கு எனக் கொள்வோம். இரண்டு வாங்கினால் ஒன்றுக்கு 5,000 ரூபாய் கிடைக்கும். ஆறு வாங்கினால் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,667 ரூபாய் மட்டுமே கிடைக்கும். சிறு தொகையில் ஆறு எளிய பெட்டிகளைக் காட்டிலும் இரண்டு நல்ல பெட்டிகள் சிறந்து விளங்குவதன் காரணம் இதுவே. பல்தட ஏற்பி ஒன்றை வாங்கினால், முதலில் இரண்டு ஒலிபெருக்கிகளை மட்டும் இணைத்து, ஏனையவற்றைப் பின்னர்ச் சேர்க்கலாம்.

முன்னர் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் விற்பனை வரி வேறுபட்டதால் எல்லை கடந்து பொருள் வாங்கும் வழக்கம் இருந்தது. 2017 சூலை 1 இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் ஒரே பொருளுக்கு இரு பகுதிகளிலும் ஒரே வரிவிகிதமே உள்ளது.

வாட்டுக் கணக்கு

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் பி.எம்.பி.ஓ. அளவுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவீட்டு முறை எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான வாட்டு எனக் காட்டும் இவ்வெண்ணைக் கொண்டு இரு கருவிகளை ஒப்பிட இயலாது. ஆர்.எம்.எஸ். எனக் குறிக்கப்படும் தொடர்திறனே ஒப்பிடத்தக்கது. கருவியின் பின்புறத் தகட்டில் உள்ள மின்நுகர்வு அளவையும் பார்க்க வேண்டும். 60 வாட்டு நுகரும் கருவி தொடர்ச்சியாக 60 வாட்டுக்கு மேல் ஒலித்திறன் தர முடியாது.

திறனை இரட்டிப்பாக்கினால் ஒலியளவு 3 டெசிபெல் மட்டுமே கூடும். 1 வாட்டில் 1 மீட்டர் தொலைவில் 88 டெசிபெல் தரும் ஒலிபெருக்கி, 2 வாட்டில் 91, 4 வாட்டில் 94, 8 வாட்டில் 97, 16 வாட்டில் 100 டெசிபெல் தரும். ஆகவே 10 அடிக்கு 12 அடி அறைக்குப் பக்கத்திற்கு 20 முதல் 30 வாட்டு உண்மைத் திறன் போதுமானது.

மிகைப்பிக்குக் குறிக்கப்பட்ட ஓம் அளவுக்குக் குறைந்த ஒலிபெருக்கியை இணைக்கலாகாது. இரண்டு 8 ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம் ஆகி, மிகைப்பி சூடேறிப் பழுதடையக்கூடும்.

அறையும் அமைவிடமும்

இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமைதல் நன்று. உயர் அலைவெண் ஒலிபெருக்கி காதின் உயரத்தில் இருக்க வேண்டும். மூலையில் வைத்தால் தாழ்வொலி மிகுந்து, மிருதங்கத்தின் தொப்பி ஒலி தெளிவிழக்கும். சிமெண்டுத் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியை எதிரொலிக்கும். பாய், திரைச்சீலை, நூலடுக்கு ஆகியவை இதைச் செலவின்றிக் குறைக்கும். ஒலியைக் கூரையில் தெறிக்கச் செய்யும் 'அட்மாஸ்' ஒலிப்பட்டைகளுக்குத் தட்டையான கூரை தேவை. சாய்ந்த ஓட்டுக் கூரை வீடுகளில் அவற்றால் பயன் குறைவு.

கடையில் இரு கருவிகளைச் சம ஒலியளவில் வைத்தே ஒப்பிட வேண்டும். சற்று உரக்க ஒலிப்பதே சிறந்தது எனச் செவி மயங்கும். நன்கு பழகிய ஒரு பாடலையும், உரையாடல் மிகுந்த ஒரு காட்சியையும் கேட்டுப் பார்ப்பது போதுமான சோதனை ஆகும்.

கடலோரச் சூழல்

கடலோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கிறது. செப்புக் கம்பியின் நுனி பச்சை பூத்து, ஒலி கரகரக்கும் அல்லது ஒருபுறம் நின்றுவிடும். நுனியை ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிப் புதிதாகச் சீவி இணைத்தால் போதும். கருவியைக் கடல் நோக்கிய சன்னலருகே வைக்காமல் இருப்பதும், மழைக்காலத்தில் வாரம் சிலமுறை இயக்குவதும் ஈரத்தைத் தவிர்க்க உதவும். பழைய ஒலிபெருக்கி வாங்குவோர் கூம்பின் விளிம்பிலுள்ள நுரைவளையம் உதிர்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்தடை மிகுதி. 2018 நவம்பர் 16 இல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் போன்ற காலங்களில், மின்சாரம் திரும்பும்போது ஏற்படும் மின்னழுத்த ஏற்றம் கருவியைப் பாழாக்கலாம். மின்செருகியையும் வடத்தொலைக்காட்சி இணைப்பையும் முன்னரே கழற்றி வைப்பதே பாதுகாப்பு. சதுர அலை மின்மாற்றியில் இயக்கினால் சில மிகைப்பிகள் இரையும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கருவி 230 வோல்ட்டுக்கு உரியதா எனத் தகட்டைப் பார்த்தே செருக வேண்டும். 110 வோல்ட்டுக்கு மட்டும் உரிய கருவி நேரடியாகச் செருகப்பட்டால் எரிந்துவிடும்.

தொலைக்காட்சி இணைப்பு

தொலைக்காட்சியின் ஒளியிழை வெளியீடு வழியாகவும், எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. வழியாகவும் டால்பி டிஜிட்டல் 5.1 ஒலியை அனுப்பலாம். புளூடூத் வழியாகக் கேட்கையில் ஒலி தாமதித்து, உதட்டசைவும் பேச்சும் பொருந்தாமல் போகலாம். இசைக்கு இத்தாமதம் இடையூறன்று.

ஒலியளவும் செவிநலமும்

80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். ஒலியளவு கூடக்கூட அந்நேரம் விரைந்து குறையும். இந்தியாவின் 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்பது வரம்பாகும். தாழ்வொலி சுவரை எளிதில் கடக்கும். எனவே அடுத்தடுத்து வீடுகள் அமைந்த தெருக்களில் பெரிய தாழ்வொலிப் பெட்டியைத் தவிர்ப்பது செலவையும் அண்டை வீட்டாரின் உறக்கத்தையும் ஒருங்கே காக்கும்.