உளி நின்ற இடம்

மயிலாடிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமியைக் கும்பிடுவதற்கு முன்பே கை கல்லைத் தடவப் போய்விடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் கல் சிற்பத்துக்குப் பேர்போன ஊர் அது. அப்பா அங்கே பட்டறையில் உளி பிடித்தவர். எனக்கு வாய்த்தது திருவனந்தபுரத்தில் கணக்கெழுதும் வேலை.

விழிஞ்ஞம் குடைவரைக் கோயிலில் அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். 1965 முதல் அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கோவளத்துக்குத் தெற்கே, கடைத்தெருவின் இரைச்சலிலிருந்து கொஞ்சம் ஒதுங்கி ஒரு தோட்டம், தோட்டத்துக்குள் ஒரு பாறை. எட்டாம் நூற்றாண்டில் யாரோ அதைக் குடைந்து ஒரு சிற்றறை ஆக்கியிருக்கிறார்கள். கோபுரமும் பிராகாரமும் கொடிமரமும் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். ஆனால் மதுரையானாலும் தஞ்சையானாலும், மதில்களையும் மண்டபங்களையும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது இப்படி ஓர் இருட்டறைதானே.

வாசலின் ஒரு பக்கம் வில்லோடு திரிபுராந்தகர். மறுபக்கம் பார்வதியோடு நடனமாடும் சிவன். உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி, இது பாறையோடு சேராத தனிச்சிற்பம். பொன், வெள்ளி, இரும்பு என மூன்று கோட்டைகளை ஒரே அம்பால் எரித்தவன் வெளியே நிற்கிறான். உள்ளே இருப்பவன் உட்கார்ந்து வாசிக்கிறான். போரையும் ஆட்டத்தையும் தாண்டித்தான் இசைக்குப் போக முடியும். பூசை இல்லாத இடத்திலும் எனக்குச் செருப்பைக் கழற்றத் தோன்றுவது இந்த வரிசையால்தான். கோவில்பட்டிக்கு அருகே கழுகுமலை வெட்டுவான் கோயிலிலும் ஒரு தட்சிணாமூர்த்தி உண்டு; அவர் கையில் மிருதங்கம். அதுவும் ஏறக்குறைய இதே காலத்தது, அதுவும் முடியாமல் நின்றுபோனது.

ஆம், விழிஞ்ஞத்து வெளிச்சுவர்ச் சிற்பங்கள் இரண்டும் அரைகுறைதான். அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது சாமி எந்தச் சாமி என்றுகூட அவர் கேட்கவில்லை. உருவத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “முடிச்சிருந்தா நமக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுலே. பாரு, எங்கெ எடுத்திருக்கான், எங்கெ விட்டிருக்கான்னு.”

முதலில் செங்காவியில் கோடு. பிறகு உருவத்தைச் சுற்றியுள்ள கல்லை எடுத்து எடுத்துத் தளத்தைத் தாழ்த்துவார்கள். அதன்பிறகுதான் தோள், இடுப்பு, முழங்கால் என்று உருட்டிக்கொண்டு வருவது. நகையும் விரலும் அப்புறம். கண் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. பட்டறையில் ஒரு மூக்கு தெறித்தால் வேறு கல் எடுக்கலாம். தட்டிப் பார்த்து, மணிபோல ஒலிக்கிறதா என்று கேட்டுக் கல்லைத் தேர்ந்துகொள்ளலாம். குடைவரைக்காரனுக்கு அந்த வசதி இல்லை. மலை கொடுத்த கல்தான் அவன் கல். உள்ளே ஒரு விரிசல் ஓடினால் அதையும் சேர்த்துத்தான் சாமி. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் மகேந்திரவர்மப் பல்லவன் கல்வெட்டிலேயே பெருமைப்பட்டுக்கொண்டது சும்மா இல்லை.

ஏன் நிறுத்தினார்கள்? காசு தீர்ந்திருக்கலாம், தச்சர் செத்திருக்கலாம். நான் போரைத்தான் சந்தேகிக்கிறேன். விழிஞ்ஞம் அன்று ஆய் அரசர்களின் துறைமுகம். கடலையே அகழியாகக் கொண்ட அந்தக் கோட்டையை அழித்ததைப் பாண்டியன் நெடுஞ்சடையனின் செப்பேடு விரிவாகவே பாடுகிறது. அவன் காலமும் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. பின்னால் சோழர்கள் வந்து ஊரின் பெயரையே இராசேந்திர சோழப்பட்டினம் என்று மாற்றினார்கள். துறைமுகத்தின் மேல் எல்லோருக்கும் ஒரு கண்.

இப்போதும் அப்படித்தான். 2025 மே 2-ல் புதிய சரக்குத் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு அலைத்தடுப்புச் சுவர். அதற்காக எங்கள் மாவட்டத்துப் பாறைகளும் லாரி லாரியாக இந்தக் கடலுக்குள் போயின. மலையை உடைத்து லாரியில் ஏற்றுவது பற்றிய சண்டை எங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் பேச்சுத்தான். மலையைக் கல்லாகப் பார்க்கிற கண்ணும் கல்லைச் சாமியாகப் பார்க்கிற கண்ணும் ஒரே ஆளுக்கு இருக்கும். சிற்பி மகன் நானே அதற்குச் சாட்சி.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உச்சிவெயிலில் போகாதீர்கள், ஆழமில்லாத புடைப்புச் சிற்பம் அந்த வெளிச்சத்தில் வெறும் சுவர். வெயில் சாய்வாக விழும் நேரம் பார்த்துப் போனால் திரிபுராந்தகரின் வில்லும் தெரியும், தச்சர் தாழ்த்தாமல் விட்ட கல்லும் தெரியும். உள்ளே வீணைக்காரரைப் பார்த்துவிட்டு அவசரப்பட்டுத் திரும்பாதீர்கள். வெளிச்சுவருக்குத்தான் அதிக நேரம் வேண்டும்.