நறுமணம் தெளிக்கும் தானியங்கிகள்: அளவும் இடைவேளையும்

 

இன்று பல பள்ளிவாசல்களின் சுவர்களிலும் இல்லங்களின் கூடங்களிலும் வெண்ணிறச் சிறு பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருப்பதைக் காண்கிறோம். குறிப்பிட்ட நிமிடங்களுக்கு ஒருமுறை அது தானாகவே நறுமணத்தைத் தெளிக்கிறது. மோதினார் சாம்பிராணித் தூபக்காலை ஏந்திச் சென்று ஆற்றிய பணியை இன்று ஒரு கருவி ஆற்றுகிறது. அதன் இயக்கத்தையும், அதன் முன்னோடிகளையும், அதனைப் பயன்படுத்துவோர் பேண வேண்டிய ஒழுங்குகளையும் இங்குக் காண்போம்.

நறுமணத்தின் நோக்கம்

குடியிருப்புப் பகுதிகளில் பள்ளிவாசல்களை அமைக்குமாறும், அவற்றைத் தூய்மையாக வைத்து மணம் கமழச் செய்யுமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. முதலில் தூய்மை, அதன் பின்னரே நறுமணம் என்னும் வரிசை கவனிக்கத்தக்கது. தாபிஈன்களில் ஒருவரான நுஐம் பின் அப்துல்லாஹ் (ரஹ்) அவர்களுக்கு 'அல்முஜ்மிர்' என்னும் பெயர், மஸ்ஜிதுந் நபவீயில் நறும்புகை இடும் பணியின் காரணமாகவே வழங்கலாயிற்று.

இதன் நோக்கத்தை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு தெளிவாக்குகிறது. தொடக்க காலத்தில் மக்கள் கம்பளி ஆடை அணிந்து, முதுகில் சுமை சுமந்து உழைத்தனர். பள்ளிவாசலோ இடவசதி குறைந்ததாகவும், தாழ்ந்த கூரை உடையதாகவும் இருந்தது. வெப்பமான ஒரு ஜும்ஆ நாளில் வியர்வை வாடையால் ஒருவருக்கொருவர் தொல்லை ஏற்பட்டது. அப்போதுதான் குளித்துவிட்டு, தம்மிடம் உள்ள சிறந்த எண்ணெயையும் நறுமணத்தையும் பூசி வருமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். வெங்காயம், பூண்டு உண்டவர் அவ்வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் எனத் தடுத்ததும் இதே காரணத்தால்தான். அருகில் நிற்பவர் துன்புறக் கூடாது என்பதே இவற்றின் அடிப்படை.

முன்னோர் படைத்த கருவிகள்

திரவத்தை அளந்து தானாகவே வழங்கும் கருவிகள் புதியவை அல்ல. கி.பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹீரோன், நாணயம் இட்டால் அளவாக நீர் தரும் கருவியை விவரித்துள்ளார். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த முஹம்மத், அஹ்மத், ஹஸன் என்னும் பனூ மூஸா சகோதரர்கள், ஏறத்தாழ நூறு நுட்பக் கருவிகளைத் தம் நூலில் விளக்கினர். வடிவம் மாறும் நீரூற்றுகளும் அவற்றுள் அடங்கும்.

இத்துறையில் சிகரம் தொட்டவர் இஸ்மாயீல் அல்ஜஸரீ. இன்றைய துருக்கியின் தென்கிழக்கிலுள்ள தியார்பக்ர் நகரில், அர்துகிய்யா மன்னர்களிடம் பணியாற்றியவர். 1206ஆம் ஆண்டு நிறைவுற்ற அவரது நூலில் ஐம்பது கருவிகள் இடம்பெற்றுள்ளன. தாம் உளூச் செய்யும்போது பணியாளர்கள் கையில் நீர் ஊற்றுவதை மன்னர் விரும்பவில்லை. அதற்கென ஒரு கருவி செய்து தருமாறு வேண்டினார் என்று அல்ஜஸரீ குறிப்பிடுகிறார்.

கை கழுவுவதற்காக அவர் அமைத்தவற்றுள் மயில் வடிவக் கருவி புகழ் பெற்றது. மயிலின் வாலிலுள்ள அடைப்பை இழுத்தால் அலகிலிருந்து நீர் வடியும். கழுவிய நீர் அடித்தளத்தில் சேரச் சேர, உள்ளிருக்கும் மிதவை உயரும். அது குறிப்பிட்ட மட்டத்தை எட்டியதும் சிறு கதவு திறந்து, பணியாள் உருவம் ஒன்று கழுவும் பொடியை நீட்டும். நீர் மேலும் உயர்ந்தால் இரண்டாம் மிதவை இயங்கி, மற்றோர் உருவம் துண்டை நீட்டும். மின்சாரமோ கடிகாரமோ இல்லை. பயன்படுத்திய நீரின் அளவே அடுத்த செயலுக்கான கட்டளை.

இடைவேளையின் அருமையையும் அல்ஜஸரீ அறிந்திருந்தார். பனூ மூஸாவின் நீரூற்றுகள் மிக விரைவில் வடிவம் மாறிவிடுவதால் அம்மாற்றத்தைக் காண்போர் உணர இயலவில்லை எனக் குறை கண்டு, இடைவேளை நீளும்படி தம் ஊற்றுகளை வடிவமைத்தார்.

இன்றைய கருவி இயங்கும் முறை

இன்றைய பெட்டிக்குள் பேட்டரி, சிறிய மோட்டார், பற்சக்கரங்கள், டைமர், அழுத்தமூட்டப்பட்ட உலோகக் குப்பி ஆகியவை உள்ளன. குறித்த நேரம் வந்ததும் மோட்டார் சுழன்று, நெம்புகோல் குப்பியின் தலையை அழுத்தும். குப்பியின் வால்வில் சிறிய அளவறை ஒன்று உண்டு. ஒவ்வோர் அழுத்தத்திற்கும் அவ்வறை கொள்ளும் திரவம் மட்டுமே வெளியேறும். எனவே ஒரு தெளிப்பின் அளவை நாம் மாற்ற இயலாது. இடைவேளையை மட்டுமே மாற்ற இயலும்.

இங்கேதான் குறை நேர்கிறது. அல்ஜஸரீயின் மயில் தேவையை அறிந்து இயங்கியது. 2020ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றின்போது பரவலான கிருமிநாசினிக் கருவியும் கையை நீட்டினால்தான் திரவம் தந்தது. டைமர் மட்டும் உள்ள பெட்டியோ, ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதை அறியாது. 9 நிமிடத்திற்கு ஒருமுறை என அமைத்தால் நாளொன்றுக்கு 160 தெளிப்புகள். ஐவேளைத் தொழுகைக்கும் தலா அரைமணி நேரம் எனக் கொண்டால் மொத்தம் இரண்டரை மணி நேரம்; அந்நேரத்தில் நிகழ்பவை ஏறத்தாழ 17 தெளிப்புகளே. எஞ்சியவை ஆளில்லாக் கூடத்தில் வீணாகின்றன. ஜமாஅத்தார் அளித்த பொருள் இவ்வாறு விரயமாவதைப் பொறுப்பாளர்கள் சிந்திக்க வேண்டும்.

மூச்சுத் துன்பமும் பிற ஆபத்துகளும்

விரயத்தை விடவும் பெரியது பிறருக்கு நேரும் துன்பம். 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 26 கோடியே 20 லட்சம் பேர் ஆஸ்துமாவால் பாதிக்கப்பட்டிருந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நறுமணத் தெளிப்புகள் இத்தகையோரில் பலருக்கு இருமலையும் மூச்சுத் திணறலையும் தூண்டக்கூடியவை. சன்னல்களை அடைத்துக் குளிரூட்டிய கூடத்தில் இதன் தாக்கம் மிகும். நமக்கு மணமாக இருப்பது நம் தோளோடு தோள் நிற்பவருக்கு நோயாகிவிடலாம். வெங்காய வாடைக்காகப் பிறர் துன்புறலாகாது எனக் கற்பித்த மார்க்கம், வாசனையின் பெயரால் அவர் துன்புறுவதை எவ்வாறு ஏற்கும்?

மேலும், இக்குப்பிகள் பலவற்றில் திரவத்தை வெளித்தள்ளுவது பியூட்டேன், புரொப்பேன் ஆகிய வாயுக்களே. நம் சமையல் எரிவாயுவும் இவையே. ஆகவே தீயும் கடும் வெயிலும் இவற்றுக்குப் பகை. தீர்ந்துபோன குப்பியைத் துளையிடுவதும் நெருப்பில் இடுவதும் ஆபத்தானவை. ஆல்கஹால் கலந்தவற்றைப் பள்ளியில் தெளிப்பது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே தத்தம் ஊர் இமாமிடம் தெளிவு பெறுவது நலம்.

பேண வேண்டிய ஒழுங்குகள்

ஈரம் தங்கிய தரைவிரிப்பின் நாற்றத்தைத் தெளிப்பு மறைக்குமேயன்றி நீக்காது. எனவே விரிப்பை உலர்த்துவதும், உளூச் செய்யும் இடத்தையும் கழிப்பறையையும் கழுவுவதும், சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தருவதும் முதற்பணி. கருவியை மிக நீண்ட இடைவேளையில் அமைத்து, தொழுகை நேரம் முடிந்ததும் நிறுத்திவிடலாம். முதல் வரிசையின் மேலோ, தொழுவோரின் முகத்துக்கு நேராகவோ, மின்விசிறியின் காற்று படும் இடத்திலோ அதனைப் பொருத்தலாகாது. இல்லங்களில் அடுப்பங்கரையிலும் தொட்டிலின் அருகிலும் வைத்தலாகாது. மூச்சுநோயாளர் ஒருவர் வந்து முறையிட்டால், அவரை ஒதுங்கி நிற்கச் சொல்லாமல் கருவியை நிறுத்துவதே பண்பாகும்.

தூபக்காலை ஏந்திய மோதினார், இருமும் முதியவரைக் கண்டால் சற்று விலகிச் செல்வார். பெட்டிக்கு அக்கண்கள் இல்லை. அதனை அமைத்த நம்மிடமே அக்கண்கள் இருத்தல் வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் பள்ளிகளையும் இல்லங்களையும் தூய்மையாலும் நறுமணத்தாலும் நிரப்பி, நம்மால் பிறர் எவரும் துன்புறாத வாழ்வை நமக்கு வழங்கி அருள்வானாக! ஆமீன்.